எங்கள் தெருவில் இரண்டு ராத்திரிக்கு மட்டும் வீடு கிடைக்கும்

பெங்களூரு ஆட்கள் மூச்சு விடுவதற்காக எங்கள் ஊருக்கு வருகிறார்கள். நான் கேலியாகச் சொல்லவில்லை, அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி நெரிசலில் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்து, ஓசூர் தாண்டித் தளி ரோட்டில் திரும்பியதும் கார்க் கண்ணாடியை இறக்கி ஆழமாக ஒரு இழுப்பு இழுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை நன்றாக மூச்சு விட்டுவிட்டு மிச்சத்தை எங்களுக்கு வைத்துவிட்டுப் போகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாங்கள் அந்த மிச்சத்தில் காலம் தள்ளுகிறோம்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் மூச்சு விட வந்துவிடுவீர்கள்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. வீட்டுக்காரருக்கு வேறொரு கம்பெனி. கல்யாணமான புதிதில் ஓசூருக்குள்ளேயே ஒற்றை அறையில் இருந்தோம். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது மாடியில் யாராவது மிக்ஸி போடுவார்கள். மகள் பிறந்த பிறகு, கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று தளிப் பக்கம் வந்தோம். கம்பெனி பஸ் மெயின் ரோடு வரைக்கும் வரும். அங்கிருந்து நடந்தால் ஊர்.

எங்களுக்கு வீடு கொடுத்தவர் ரோஜா விவசாயி. பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்த்து பெங்களூருக்கு அனுப்புகிறவர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், எங்களிடம் தமிழ். கம்பெனி ஆட்களை நம்பி, தெருவில் வரிசையாக நான்கு வீடு கட்டி விட்டிருந்தார். மேலே ஷீட் கூரை. எங்களுக்கு மூன்றாவது வீடு. முதல் நாள் எங்கள் ஊர் வழக்கத்தில் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, என்னைய மளிகைக் கடைக்காரன் ஆக்கிட்டியே!"

ஓசூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடை வைத்திருப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அண்ணே.

கடைசி வீட்டில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்கா அண்ணனுடைய பசுமைக்குடிலில்தான் பூப் பறித்தாள். அவள் புருஷன் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கூட அவளுடைய மாமனார், ஒரு கறவை மாடு. மாமனாருக்கு மெதுவாகப் பேச வராது. எருமுட்டை காய்ந்ததா என்று கேட்பதைக்கூட ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சொல்வதுபோலத்தான் கேட்பார். அண்ணனும் அவரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். காலையில் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். தக்காளி விலை, மழை, மருமகள்கள், எதுவாக இருந்தாலும் சண்டைதான். சண்டை முடிந்தால்தான் இருவருக்கும் பொழுது விடிந்த மாதிரி.

அப்படி இருக்கும்போதுதான் அண்ணனுடைய தம்பி மகன் பண்டிகைக்கு வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்று, போனைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். இறங்கி வந்து எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான்:

"பெரியப்பா, நீங்க தங்கத்து மேல உக்காந்துகினு தகரத்துக்கு வாடகை வாங்கிட்டு இருக்கீங்க."

தகரம் என்று அவன் சொன்னது எங்களை.

அடுத்த வாரம் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். அவருக்கு நேராகப் பேசிப் பழக்கமே ஒழிய, சுற்றி வளைத்துப் பழக்கமில்லை. அதனால் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"ஏம்மா, ரிப்பேர் வேல இருக்குது. நாலு வீட்டையும் ஒட்டுக்கா பாக்கணும். நீங்க கொஞ்சம் வேற எடம் பாத்துக்கினா நல்லா இருக்கும்."

"கூரை ஒழுகுதுன்னு எத்தன மழைக்குச் சொன்னேன். இப்பவாவது பாக்கணும்னு தோணுச்சே, சந்தோஷம்ண்ணே. முடிஞ்சதும் திரும்பி வந்திரலாம்ல?"

"வரலாம், வரலாம். யார் வேணா வரலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, தம்பி மகன் சொல்லிக் கொடுத்ததை ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார்: "ஆன்லைன்ல புக் பண்ணிக்கினு வரலாம்."

நான்கு குடும்பமும் காலி செய்தோம். இரண்டு குடும்பம் ஓசூருக்கே திரும்பிப் போய்விட்டது. எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு வீடு கிடைத்தது. அதன் சமையலறையில் ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும். கடைசி வீட்டு அக்காவின் குடும்பம் பின்தெருவில், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஒரு சாய்ப்பில் ஒண்டிக்கொண்டது. மாமனார் அன்றிலிருந்து டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டார். அண்ணன் ஏதாவது சொன்னால், டீக்கடைக்காரரைப் பார்த்துப் பதில் சொல்வார்.

எதிர் வீட்டிலிருந்தபடியே எங்கள் பழைய வீட்டுக்கு நடந்த சிகிச்சைகளைப் பார்த்தேன். தம்பி மகனின் காசில் கூரை ஷீட்டை எடுத்துவிட்டு ஓடு போட்டார்கள். நான் வெள்ளையடிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்த சுவருக்கு, காசு செலவழித்து மண் நிறம் அடித்தார்கள். பழைய சுவர்போலத் தெரிய வேண்டுமாம். பழைய சுவர் அங்கேயேதான் இருந்தது. அதன் மேல்தான் அடித்தார்கள்.

ஒரு சுவரை மட்டும் தொடவில்லை. என் மகள் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொண்ட காலத்தில் அந்தச் சுவரில் மெழுகுக் கலரால் ஒரு படம் வரைந்திருந்தாள். தண்ணீர் மோட்டாரை ஏன் இவ்வளவு நேரம் ஓடவிட்டீர்கள் என்று அண்ணன் வந்து கத்திவிட்டுப் போன அன்று வரைந்தது. பெரிய மீசை, பானை வயிறு, தலையில் இரண்டு கொம்பு. நான் அழிக்கப் பார்த்தேன், போகவில்லை. காலண்டரை மாட்டி மறைத்து வைத்திருந்தேன். காலண்டரோடு நாங்கள் காலி செய்துவிட்டதால் படம் வெளியே வந்துவிட்டது. பெயிண்டர் அடிக்கப் போனபோது தம்பி மகன் ஓடி வந்து தடுத்தானாம். இப்போது அதைச் சுற்றி மரச்சட்டம். மேலே சின்ன விளக்கு. கீழே ஆங்கிலத்தில் ஒரு பலகை: இந்த மலைப்பகுதிப் பழங்குடிகளின் சுவரோவியம்.

அண்ணனே என்னைக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினார்.

"இத்தன நாளா இங்கதான் இருந்துச்சாம், நமக்குத் தெரியல பாரு. காவல் தெய்வமாட்டம் இருக்குதுன்னு வரவங்க கும்புட்டு போட்டோ புடிச்சுக்கறாங்கோ."

"ஆமாண்ணே, அப்படியே உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு" என்றேன். கூட வந்த மகள் அண்ணனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தி வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடைசி வீட்டு அக்காவுக்குப் பூப் பறிப்பதோடு அங்கேயும் வேலை கிடைத்தது. தான் குடியிருந்த வீட்டைத் தானே பெருக்கித் துடைக்கும் வேலை. முன்பும் அதைத்தான் செய்தாள், ஆனால் அப்போது அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துடைப்பத்தோடு என் வாசலில் உட்கார்ந்து சொன்னாள்:

"குளிக்கிற ரூமுக்குக் கண்ணாடில சுவரு வெச்சிக்கிறாங்கோ. உள்ள நின்னா ஊரே தெரியுது. ஊருக்கு நாம தெரிய மாட்டமா? படிச்சவங்க, ஏதாச்சும் யோசிச்சுத்தான் வெச்சிருப்பாங்கோ."

அண்ணன் வீட்டுக்கு ஆள் வருவதைப் பார்த்து மற்றவர்களுக்கும் கண் திறந்தது. வாடகைக்கு விட்டிருந்தவர்கள் எல்லாம் குடியிருப்பவர்களைக் கிளப்பினார்கள். வீடு இல்லாதவர்கள் தோட்டத்தில் கூடாரம் அடித்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் தங்க இடமில்லாமல் ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தார். பஸ் வராத நாளில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். திருநெல்வேலியிலிருந்து கம்பெனிக்கு வந்த பையன்கள் பையும் கையுமாகத் தெருத்தெருவாக வீடு கேட்டு நடப்பார்கள். எல்லா வாசலிலும் வரவேற்புப் பலகை தொங்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார்கள். வாரம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். எங்கள் தெருவில் இரண்டு ராத்திரிக்கு எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. இரண்டு வருஷம் இருக்கிறேன் என்றால் ஒருத்தருக்கும் இல்லை.

கடையில் சில்லறையாகப் பருப்பு நிறுத்துக் கொடுப்பது குறைந்து, கறி சுடும் கரி மூட்டை வந்தது. தெருமுனையில் "அமைதி காக்கவும்" என்று பலகை வைத்தார்கள். அது எங்களுக்கு. ஸ்பீக்கர் கட்டி ஆடுவது விருந்தாளிகள். அவர்கள் கூப்பாடு போட்டால் அதற்குப் பெயர் கொண்டாட்டம், எங்கள் குக்கர் விசிலடித்தால் இடைஞ்சல்.

அந்த மாமனாருக்கு மட்டும் ஒரு மதிப்பு கூடியது. மாட்டில் பால் கறப்பதை விருந்தாளிகள் பார்த்ததே இல்லையாம். காலையில் கொட்டகை முன்னால் அரைக்கால் சட்டையோடு கூட்டம் நிற்கும். அவர் கறந்துகொண்டே கத்துவார்:

"கிட்ட வராதீங்கோ, ஒதைக்கும்! மாட்டச் சொல்லல, என்னச் சொல்றேன்!"

அவர்களுக்குப் புரியாது. சிரித்துப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் டீக்கடையில், டீக்கடைக்காரரைப் பார்த்து, அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னார்: "என் மாட்டுக்குக் கெடைக்கிற மருவாதில கால்வாசி எனக்குக் கெடச்சிருந்தா, நான் இன்னும் அந்தக் கடைசி வீட்லயே இருந்திருப்பேன்." அண்ணன் டீயை முழுக்கக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் மாமனார் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. விடிந்தபோது சனிக்கிழமை.

எனக்கு அன்று விடுமுறை. காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். சாய்ப்புக்கு முன்னால் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பசுமைக்குடிலில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் கூடை கூடையாக ரோஜா கொண்டுவந்திருந்தார்கள். காம்பு கோணல், இதழில் கறுப்பு என்று பெங்களூருக்கு ஏற்றாமல் கழித்துப் போட்ட பூ. அவ்வளவு ரோஜாவோடு ஒரு சாவை எங்கள் ஊர்ப்பக்கம் நான் பார்த்ததே இல்லை.

மேளக்காரர்கள் மேளத் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். மாலை கொண்டுவந்திருந்தார். போட்டார். காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அக்கா பக்கத்தில் குனிந்தார். பின்னாலேயே நான் உட்கார்ந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"அம்மா, தப்பா நெனச்சுக்காத. மத்தியானம் கெஸ்ட்டுங்க வராங்கோ. நாலு வீடும் ஃபுல்லு. நம்ம தெரு வழியா எடுக்காம, ஏரிக்கர வழியா எடுத்துகினு போனா..."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏரிக்கரல முழங்காலு சேறுண்ணா."

"ஆளுங்கள வெச்சு மண்ணு கொட்டச் சொல்றேன். இல்லாட்டி மேளமாச்சும் நம்ம தெரு தாண்டற வரைக்கும் கொஞ்சம்... தம்பி பையன் காலைலருந்து போன் மேல போன் போடறான்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உங்க வீட்ல குடியிருந்தவரைக்கும் எங்க மாமா சத்தம் போட்டுகினேதான் இருந்தாரு. நீங்களும் கேட்டுகினுதான் இருந்தீங்க. இன்னிக்கு ஒரு நாளு சத்தத்தோட போவட்டும்ண்ணா."

அண்ணன் பெஞ்சைப் பார்த்தார். துணியால் வாயைக் கட்டியிருந்தார்கள். இல்லாவிட்டால் அங்கிருந்தும் ஒரு பதில் வந்திருக்கும். அதைத்தான் அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ, தான் போட்ட மாலையைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மத்தியானம் எடுத்தார்கள். மேளம் முழுச் சத்தத்தோடு முன்னால் போனது. இரண்டு பக்கமும் பெண்கள் ரோஜாவை அள்ளி அள்ளி வீசினார்கள். இதழாக இல்லை, முழுப் பூவாக. பின்தெரு முடிந்து எங்கள் தெருவில் திரும்பி, அண்ணனின் நான்கு வீட்டுக்கு முன்னால் வந்தபோது எதிரில் இரண்டு கார் வந்து நின்றது.

கதவைத் திறந்துகொண்டு பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கினாள். மேளம், பூ, கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துக் கையைத் தட்டினாள். தன்னை வரவேற்க இத்தனை ஏற்பாடா என்று அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. உடனே போனைத் தூக்கிப் பிடித்தாள். கார் மேல் விழுந்த ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்துக் கூந்தலில் செருகிக்கொண்டு, பாடையைப் பின்னணியில் வைத்துச் சிரித்தாள்.

பூ வீசிக்கொண்டிருந்த பெண்கள் கையெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. பிணத்துக்குப் போட்ட பூ. சுமங்கலியோ, கன்னிப்பெண்ணோ, யாரென்று தெரியாது, ஆனால் யாரோ பெற்ற பெண். நான் ஓடிப்போய் அவள் தலையிலிருந்து அதைப் பிடுங்கி எறிந்தேன்.

"எக்ஸ்கியூஸ் மீ!" என்று கத்தினாள். அப்புறம் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னாள். காசு கொடுத்துப் பதிவு செய்திருப்பதாகவும், பூவைத் தொடக்கூட உரிமை இல்லையா என்றும் எனக்குப் புரிந்தது. நான் தமிழில் கத்தினேன். பெருங்கூட்டத்துக்கு நடுவே, மேளச் சத்தத்தில், இரண்டு பேரும் இரண்டு மொழியில் சண்டை போட்டோம். ஒருவர் சொன்னதில் பாதிக்கு மேல் மற்றவருக்குக் கேட்கவில்லை என்பதால் சண்டை நன்றாகவே போனது.

அதற்குள் பின் காரிலிருந்து அவளுடைய அப்பா இறங்கினார். நரைத்த மனிதர். ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது. மகளின் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி ஓரமாக நின்றார். பக்கத்தில் நின்றிருந்தவரிடம், போய்விட்டது யார் என்று கன்னடத்தில் கேட்டார்.

அவர் பக்கத்தில் நின்றிருந்தது அண்ணன்.

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. எங்கள் கண் முன்னால் அப்படி ஒரு அழுகை. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, தம்பி மகனாக இருக்கும். அவர் எடுக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு பையனை விலக்கிவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தார். வயசுக்கு மீறிய காரியம், கால் தடுமாறியது. விடச் சொன்னார்கள், விடவில்லை. சுடுகாடு வரைக்கும் போனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் நாலு பேரிடம் நெகிழ்ந்து சொல்லியிருப்பேன். ஆனால் விருந்தாளிகள் ஊருக்குத் திரும்பியதும் கருத்து எழுதுவார்கள் இல்லையா, அந்தப் பெண்ணும் எழுதியிருந்தாள்.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சண்ட போட்டுச்சே அந்தப் பொண்ணு, என்னா எழுதிக்கிறான்னு படிம்மா" என்றார். நான் ஒரு நட்சத்திரம் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஐந்து.

தமிழில் சொன்னேன். வீடு அழகு, ஓவியம் அற்புதம், உள்ளூர்ப் பெண் ஒருத்தி முரட்டுத்தனமாக நடந்துகொண்டாள், ஆனால் எல்லாவற்றையும் ஈடுகட்டியது கிராமத்து மக்களின் மலர் ஊர்வலம். தவறவிடக் கூடாத அனுபவம். அதற்குக் கீழே தம்பி மகன் நன்றி சொல்லியிருந்தான். வீட்டைப் பற்றிய விளம்பரத்திலும் ஒரு வரி சேர்த்திருந்தான்: பாரம்பரிய மேளம், மலர் ஊர்வலம், பருவத்தைப் பொறுத்து.

அண்ணன் என்னைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பருவத்தப் பொறுத்துன்னா?"

"எப்ப நடக்குதோ அப்பன்னு அர்த்தம்ண்ணே."

அந்தப் பெண் எழுதியதை விரலால் தொட்டுக் காட்டினார். "அதுக்குக் கீழ நான் எழுதலாமா?" என்று கேட்டார்.

"எழுதலாம். என்ன எழுத?"

"செத்தது என் கூட்டாளின்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்."

ஆங்கிலத்தில் எழுதினேன். சாயங்காலத்துக்குள் தம்பி மகன் அதை எடுத்துவிட்டான். விளம்பரத்தில் அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு, நாங்கள் வரும் தேதியில் ஊர்வலம் உண்டா என்று மரியாதையாகக் கன்னடத்தில் கேட்டார். அண்ணனும் அதே மரியாதையோடு கன்னடத்தில் பதில் சொன்னார்: "அடுத்தது அநேகமா என்னுதுதான். நாள் தெரிஞ்சா சொல்லி அனுப்பறேன், குடும்பத்தோட வாங்க."

அன்றைக்கு அவர் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. தெலுங்கில் நடந்ததால் எனக்குப் பாதிதான் புரிந்தது. அண்ணன் மனைவி, தம்பி மகன், போனில் தம்பி, எல்லாரும் ஒரு பக்கம். அண்ணன் ஒருத்தர் ஒரு பக்கம். எங்களுக்கு அமைதி காக்கச் சொன்ன பலகை தெருமுனையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

முடிவில் அண்ணனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வீடு, கடைசி வீடு. மற்ற மூன்றையும் தம்பி மகனிடமே விட்டுவிட்டார். கடைசி வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போய் அக்காவின் கையில் கொடுத்தார். அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"மறுபடியும் ரிப்பேர் வருமாண்ணா?"

"வராது."

"மாடு?"

"கூட்டிகினு வா. பின்னாடி எடம் கெடக்குது."

பிறகுதான் வாங்கினாள். மறுநாளே குடிவந்துவிட்டார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பழைய சேலை இரண்டைக் கிழித்துத் திரை போட்டாள். உள்ளே ஆள் படுத்துக் குளிப்பதற்கு என்று ஒரு பெரிய வெள்ளைத் தொட்டி பதித்திருந்தார்கள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும் என்பதால் அதில் ரொப்பி வைத்துக்கொள்கிறாள். அந்தக் கட்டடத்தில் உருப்படியான சாமான் அது ஒன்றுதான் என்று சொல்கிறாள்.

பக்கத்து வீடுகளில் தங்குபவர்கள் சாணி நாற்றம் என்று புகார் எழுதுகிறார்கள். காலையில் அவர்களே வந்து மாட்டுக் கன்றைக் கட்டிப்பிடித்துப் படமும் எடுக்கிறார்கள். தம்பி மகன் கடைசி வீட்டைக் காலி செய்யச் சொல்லி மாதம் ஒரு தடவை வந்து பேசிப் பார்க்கிறான். அண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. அவன் பேசும்போது மட்டும்.

நானும் வாய்ப்பை விடவில்லை. அவர் மனசு இளகியிருக்கும் நேரம் பார்த்து, எங்க வீடும் திரும்பக் கிடைக்குமாண்ணே என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"உன்னுதுதாம்மா நாலுலயும் நல்லா ஓடுது. அத அவன் விட மாட்டான்."

நல்ல வீடு என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன்.

இன்னும் அதே எதிர் வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். சமையலறையிலிருந்து நான் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் உள்ளே போகிறார். போன சனிக்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். கம்பெனிச் சட்டையும் அடையாள அட்டையுமாக வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய வீட்டுத் திண்டில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, இங்கேயே இருக்கிறீர்களா என்று தமிழில் கேட்டார்.

"ஆமாங்க."

மலையையும் மேகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வச்சவங்க நீங்க."

ஆமாங்க என்று மறுபடியும் சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது.